பஞ்சக் காலத்தில் கப்பலேறிய ஐரிஷ் முன்னோர்களைத் தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களில் அழுகல் நோய் பரவியது. அந்தக் கிழங்கை மட்டுமே நம்பி வாழ்ந்த ஏழைக் குடும்பங்களுக்கு அடுத்த ஆறேழு ஆண்டுகள் சாப்பிட எதுவும் மிஞ்சவில்லை. 1841 கணக்கெடுப்பில் சுமார் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851-இல் சுமார் 65 லட்சமாகக் குறைந்திருந்தது. ஏறக்குறைய 10 லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் இறந்தார்கள். அதற்கும் அதிகமானவர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் இன்று உலகமெங்கும் இருக்கிறார்கள். ஐரிஷ் குடும்பத்தில் திருமணம் செய்துகொண்ட தமிழர்கள், பிள்ளைகளுக்குத் தாய்வழி, தந்தைவழி இரண்டின் வரலாற்றையும் எழுதிவைக்க விரும்பும் பெற்றோர், சென்னையின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆகியோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பெயர் தெரியும், அயர்லாந்து என்று தெரியும். நேராக ஐரிஷ் ஆவணங்களில் தேடலாமா?

வேண்டாம். பெரும்பாலான தேடல்கள் வீணாவது இந்த அவசரத்தால்தான். 'பேட்ரிக் சல்லிவன், பிறப்பு சுமார் 1825' என்று தட்டினால் கார்க், கெர்ரி கவுன்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) மட்டுமே டஜன் கணக்கில் வருவார்கள். அவர்களில் யார் உங்களவர் என்று சொல்ல அந்த ஆவணத்தில் எதுவும் இருக்காது. பிடித்த ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் குடும்ப மரத்தில் ஒட்டவைத்துவிடுவோம், அப்புறம் அதை நூறு பேர் நகலெடுப்பார்கள்.

அவர் போய்ச் சேர்ந்த நாட்டில்தான் முதலில் தேட வேண்டும். அங்கே அவர் திருமணம் செய்தார், பிள்ளை பெற்றார், வீடு வாங்கினார், இறந்தார். அந்தத் தாள்களில் ஒன்றிலாவது அவர் பிறந்த ஊரின் பெயர் இருக்க வாய்ப்பு உண்டு. அந்தப் பெயர் கையில் கிடைத்த பிறகுதான் கடலைத் தாண்டவேண்டும்.

எந்த அளவுக்கு ஊர் தெரிய வேண்டும்? கவுன்டி போதாதா?

கவுன்டி தொடக்கத்துக்கு உதவும், ஆனால் போதாது. அயர்லாந்தில் 32 கவுன்டிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் பல பங்குகள் (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் பகுதிகள்), பங்குக்குள் 'டவுன்லாண்ட்' என்ற சிறு நிலப்பிரிவுகள். நாடு முழுக்க 60,000-க்கும் மேற்பட்ட டவுன்லாண்டுகள் இருக்கின்றன. சிலவற்றில் பத்து வீடுகூட இருந்ததில்லை. ஒருவரை அடையாளம் காண டவுன்லாண்ட், குறைந்தது பங்கின் பெயராவது தெரிய வேண்டும்.

ஒரே பெயரில் பல டவுன்லாண்டுகள் வெவ்வேறு கவுன்டிகளில் இருக்கும். அமெரிக்க எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் பெயர் உருமாறியும் இருக்கும். 'லோகெய்ன்ம்' என்ற அயர்லாந்தின் இடப்பெயர்த் தளம் இதற்கு உதவும். எழுத்தைப் பார்க்காமல், வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து ஒலி பொருந்துகிறதா என்று தேடுங்கள். இன்னொன்று: பழைய தாளில் 'கிங்ஸ் கவுன்டி' என்று இருந்தால் அது இன்றைய ஆஃபலி. 'குவீன்ஸ் கவுன்டி' இன்றைய லீஷ். 'குவீன்ஸ்டவுன்' என்பது கார்க் துறைமுகமான கோவ். 'எங்கள் தாத்தா கார்க் ஊர்க்காரர்' என்று சொல்லும் பல குடும்பங்களின் முன்னோர் அங்கே கப்பல் மட்டுமே ஏறியவர்கள்.

எல்லிஸ் தீவில் இறங்கியபோது அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். சரியா?

பஞ்சக் காலத்தவர் யாரும் எல்லிஸ் தீவில் இறங்கியிருக்க முடியாது. நியூயார்க் துறைமுகத்தின் அந்தக் குடியேற்ற நிலையம் திறந்தது 1892-இல். அதற்கு முந்தைய காசில் கார்டன் நிலையமே 1855-இல்தான் வந்தது. 1847-இல் நியூயார்க் வந்தவர்கள் துறைமுகப் படிகளில் இறங்கி நேராக ஊருக்குள் நடந்தார்கள்.

பெயரை அதிகாரிகள் மாற்றவும் இல்லை. வந்திறங்கியவர்களின் பட்டியல் கப்பலிலேயே எழுதப்பட்டது. பெயர்கள் மாறியது அதற்கு முன்னும் பின்னும், மெல்ல மெல்ல. ஐரிஷ் மொழிப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போதே ஒரு மாற்றம். 'ஓ', 'மக்' என்ற முன்னொட்டுகள் பல தலைமுறை முன்பே உதிர்ந்துவிட்டன, பிற்காலத்தில் சிலர் அவற்றை மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். அதனால் 'ஓ' உடனும் இல்லாமலும் இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

கப்பல் பயணிகள் பட்டியலில் கிடைப்பாரா?

கிடைக்கலாம், ஆனால் எதிர்பார்ப்பதைவிடக் குறைவான தகவலே இருக்கும். கிளம்பிய துறைமுகத்தில் பட்டியல் வைத்திருக்கும் வழக்கம் அப்போது இல்லை. பிரிட்டனிலிருந்து வெளியேறியவர்களின் பட்டியல்கள் 1890 முதல்தான் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. விதிவிலக்குகளில் ஒன்று டெரியின் ஜே அண்ட் ஜே குக் கப்பல் நிறுவனத்தின் பதிவேடுகள். அவை 1847-இலிருந்து தொடங்குகின்றன.

இறங்கிய இடத்தில் நிலைமை பரவாயில்லை. அமெரிக்கா 1820 முதல் வருகைப் பட்டியல் கேட்டு வாங்கியது. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் 1846 முதல் 1851 வரை நியூயார்க்கில் இறங்கியவர்களில் சுமார் 6 லட்சம் பேரின் தரவை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. பெயர், வயது, தொழில், கப்பல், வந்த தேதி எல்லாம் இருக்கும். ஊர் பெரும்பாலும் 'அயர்லாந்து' என்று மட்டுமே இருக்கும். அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்துச் சோர்ந்துபோகாதீர்கள். அதே கப்பலில் வந்த மற்றவர்களைப் பாருங்கள். பின்னாளில் உங்கள் குடும்பத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்கள் அங்கேயே இருக்கக்கூடும்.

புறப்பட்ட துறைமுகம் லிவர்பூல் என்று இருந்தால் அவர் இங்கிலாந்துக்காரர் என்று முடிவுகட்ட வேண்டாம். அட்லாண்டிக் கப்பல்களில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் கிளம்பின. டப்ளினிலிருந்து ஆடுமாடுகளோடு திறந்த தளத்தில் லிவர்பூல் வந்து, அங்கே நாள்கணக்கில் காத்திருந்து ஏறியவர்கள் ஏராளம். பணம் தீர்ந்துபோய் லிவர்பூலிலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. அமெரிக்காவில் யாரும் அகப்படவில்லை என்றால் 1851 இங்கிலாந்துக் கணக்கெடுப்பையும் பார்த்துவிடுங்கள்.

கனடா வழியாகப் போனார் என்கிறார்கள். அங்கே பட்டியல் உண்டா?

1865-க்கு முந்தைய கனடா வருகைப் பட்டியல்கள் பெரும்பாலும் இல்லை. இது பெரிய இழப்பு, ஏனென்றால் மிக ஏழைகள் போனது அந்த வழியில்தான். அமெரிக்கா 1847-இல் கப்பல் விதிகளை இறுக்கியதால் அங்கே கட்டணம் ஏறியது. கனடாவிலிருந்து மரம் ஏற்றிவந்த கப்பல்கள் திரும்பும்போது ஆட்களை மலிவாக ஏற்றிக்கொண்டன. அந்த ஓராண்டில் மட்டும் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கியூபெக் நோக்கிக் கிளம்பினார்கள். அடித்தளத்தில் அடைபட்டுப் போனவர்களிடையே டைஃபஸ் காய்ச்சல் பரவியது. செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் நடுவே உள்ள குரோஸ் ஈல் தீவின் தனிமைப்படுத்தும் நிலையத்தில் அந்த ஆண்டில் புதைக்கப்பட்டவர்கள் 5,000-க்கும் மேல். மான்ட்ரியாலில் சுமார் 6,000 பேர். டொரண்டோவின் மக்கள்தொகை அப்போது 20,000 அளவுதான். அந்தக் கோடையில் அங்கே வந்திறங்கிய அகதிகள் 38,000-க்கும் மேல். இன்று டொரண்டோவில் வசிக்கும் நம்மவர்கள் ஏரிக்கரையில் இருக்கும் அயர்லாந்து பூங்காவுக்குப் போனால் அந்த ஆண்டு இறந்தவர்களின் பெயர்களைக் கல்லில் பார்க்கலாம்.

சரி, தேடுவது எப்படி? குரோஸ் ஈல் தீவின் இறப்பு, ஞானஸ்நானப் பதிவுகள், மருத்துவமனைக் குறிப்புகள் கனடா தேசிய நூலகக் காப்பகத்தின் தளத்தில் உள்ளன. பெற்றோரை இழந்த குழந்தைகளைக் கியூபெக்கின் பிரெஞ்சுக் குடும்பங்கள் எடுத்து வளர்த்தன. அவர்களில் பலர் தங்கள் ஐரிஷ் குடும்பப் பெயரை விடாமல் வைத்துக்கொண்டார்கள், அதனால் பிரெஞ்சுப் பங்குப் பதிவேடுகளில் அவர்களைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கனடாவிலிருந்து நடந்தே அமெரிக்காவுக்குள் போனவர்களுக்கு எந்த எல்லைப் பதிவும் கிடையாது. அவர்களைப் பின்னாளின் ஆவணங்களில்தான் பிடிக்க வேண்டும்.

ஆஸ்திரேலியா போனவர்களுக்கு?

இவர்களைத் தேடுபவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அரசு உதவியோடு போனவர்களின் பட்டியல்களில் சொந்த ஊர், பெற்றோர் பெயர், மதம்கூட இருக்கும். விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் இறப்புச் சான்றிதழ்களில் 1850-களிலிருந்தே பெற்றோர், பிறந்த இடம், பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் கேட்டு எழுதினார்கள். 1848 முதல் 1850 வரை ஏர்ல் கிரே திட்டத்தில் ஐரிஷ் ஏழையர் விடுதிகளிலிருந்து 4,000-க்கும் மேற்பட்ட அநாதைப் பெண்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலும் பதினான்கு முதல் இருபது வயதுக்குள் இருந்த பெண்கள். சிட்னி ஹைட் பார்க் பாரக்ஸில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. அதையொட்டிய இணையத் தளத்தில் ஒவ்வொரு பெண்ணின் பெயரும் தேடக் கிடைக்கிறது.

அமெரிக்க ஆவணங்களில் ஊர்ப் பெயர் எங்கே ஒளிந்திருக்கும்?

கணக்கெடுப்பில் இருக்காது. 1850 முதல் வீட்டில் உள்ள எல்லோர் பெயரும் உண்டு, பிறந்த இடம் 'அயர்லாந்து', அவ்வளவுதான். 1906-க்கு முந்தைய குடியுரிமைத் தாள்களும் அநேகமாக அப்படியே.

நான் முதலில் பார்க்கச் சொல்வது கல்லறை. பஞ்சத்தில் ஊரை விட்டு வந்தவர்கள் தங்கள் கல்லறைக் கல்லில் இன்ன பங்கு, இன்ன கவுன்டி என்று பொறிக்கச் சொன்னார்கள். படிப்பறிவில்லாத குடும்பங்கள்கூட இதற்குக் காசு சேர்த்தன. அப்புறம் கத்தோலிக்கத் திருமணப் பதிவேடு, உள்ளூர்ச் செய்தித்தாளின் இரங்கல் குறிப்பு, உள்நாட்டுப் போரில் இறந்த வீரர்களின் மனைவி, தாய் கொடுத்த ஓய்வூதிய விண்ணப்பம். தன் திருமணத்தை நிரூபிக்க ஒரு கைம்பெண் அயர்லாந்தின் பங்குத்தந்தையிடமிருந்து கடிதம் வாங்கி இணைத்திருப்பாள். அந்தக் கடிதம் இன்றும் கோப்பில் இருக்கும்.

நியூயார்க் என்றால் எமிக்ரன்ட் சேமிப்பு வங்கியின் பதிவேடுகளைத் தவறவிடக் கூடாது. 1850-இல் தொடங்கிய இந்த வங்கி, கணக்கு வைத்திருப்பவரை அடையாளம் காண்பதற்காக அவரிடமே கேள்விகள் கேட்டு எழுதிவைத்தது. எந்த ஊர், எந்தக் கப்பல், எந்த ஆண்டு, அப்பா அம்மா யார், உயிரோடு இருக்கிறார்களா, அண்ணன் தம்பி எங்கே என்பது வரை. வேலைக்காரப் பெண்களும் கூலிகளும் சிறுகச் சிறுகப் பணம் போட்ட வங்கி அது. வேறெந்த ஆவணமும் கண்டுகொள்ளாத மனிதர்களின் குடும்பம் முழுவதையும் அங்கே ஒரே வரியில் பார்க்கலாம்.

இன்னொரு புதையல், பாஸ்டனின் 'பைலட்' செய்தித்தாளில் 1831 முதல் 1921 வரை வந்த 'காணாமல் போன நண்பர்கள்' விளம்பரங்கள். முன்னே போன கணவனை மனைவி தேடுவாள், ரயில் பாதை வேலைக்குப் போன தம்பியை அக்கா தேடுவாள். அடையாளம் காட்ட வேண்டுமே என்று பங்கு, டவுன்லாண்ட் எல்லாவற்றையும் எழுதியிருப்பார்கள். பாஸ்டன் கல்லூரி இவற்றை இலவசத் தேடுதளமாக வைத்திருக்கிறது. உங்களவர் பெயர் வராவிட்டாலும் அதே குடும்பப் பெயரில் அதே நகரத்தில் யார் யாரைத் தேடினார்கள் என்று படித்துப் பாருங்கள். படிக்கப் படிக்க நெஞ்சு கனத்துப்போகும், ஆனாலும் படிக்க வேண்டும்.

1922-இல் ஐரிஷ் ஆவணங்கள் எல்லாமே எரிந்துவிட்டனவாமே?

எல்லாமே அல்ல. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் அழிந்தது. 1821 முதல் 1851 வரையான கணக்கெடுப்புகள் சில துண்டுகள் தவிர அதில் போயின. உயில்களும், அயர்லாந்துத் திருச்சபையின் (புராட்டஸ்டன்ட்) பதிவேடுகளில் பாதிக்கும் மேலும் போயின. 1861 முதல் 1891 வரையான கணக்கெடுப்புகள் இந்தத் தீயில் போகவில்லை. அவற்றை அரசே முன்னதாக அழித்துவிட்டது. அதனால் முழுமையாக மிஞ்சியவற்றில் மிகப் பழையது 1901.

கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்தப் பங்குகளிலேயே இருந்ததால் தப்பித்தன. பஞ்சத்தில் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர்கள் என்பதால் நமக்கு இதுவே பெரிய ஆறுதல். எரிந்தவற்றின் நகல்களை உலகெங்கிலுமிருந்து திரட்டி 'விர்ச்சுவல் ரெக்கார்டு டிரஷரி' என்ற இலவசத் தளம் 2022-இல் தொடங்கப்பட்டது. அதில் தேடாமல் விடாதீர்கள்.

ஒரு நுட்பமான வழியும் உண்டு. 1909-இல் 70 வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்தபோது, வயதுக்குச் சான்றாக 1841, 1851 கணக்கெடுப்பைத் தேடிப்பார்க்க விண்ணப்பித்தார்கள். அந்தத் தேடல் படிவங்கள் தப்பித்துவிட்டன, அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கப்பலேறிய அண்ணனைப் பற்றி ஒன்றும் இல்லாதபோது ஊரிலேயே தங்கிவிட்ட தங்கையின் படிவத்தில் பெற்றோர் பெயரும் டவுன்லாண்டும் இருக்கும்.

பங்குப் பதிவேட்டை வாசிப்பதில் என்ன கவனிக்க வேண்டும்?

அயர்லாந்து தேசிய நூலகம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேடுகளைப் படங்களாக 2015-இல் இலவசமாக வெளியிட்டது. பெரும்பாலும் 1880 வரை உள்ளன. முதலில் உங்கள் பங்கின் பதிவேடு எந்த ஆண்டு தொடங்குகிறது என்று பாருங்கள். நகரங்களில் 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கும். மேற்குக் கரையோரப் பங்குகள் பலவற்றில் பஞ்சத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. இல்லாத பக்கத்தைத் தேடி மாதங்களை வீணாக்கக் கூடாது.

பல பதிவுகள் லத்தீனில் இருக்கும். ஜேம்ஸ் 'யாக்கோபுஸ்' ஆகியிருப்பார், வில்லியம் 'குலியெல்முஸ்'. பெண்களின் பெயர்கள் இன்னும் சிக்கல். ஹொனோரா என்பவளே நோரா, பிரிஜெட் என்பவளே பிட்டி, டீலியா. வயதை நம்பவே வேண்டாம். ஐந்தாறு ஆண்டு முன்பின் விட்டுத் தேடுங்கள்.

ஞானப்பெற்றோரின் பெயர்களைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெரும்பாலும் அத்தை, மாமா, சித்தப்பா போன்ற உறவினர்தான். தாத்தா பாட்டி பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் நம் வீடுகளைப் போலவே அங்கும் இருந்தது: முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர், முதல் மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர். எல்லாக் குடும்பமும் கடைப்பிடிக்கவில்லை, எனவே இதைச் சான்றாக எடுக்க முடியாது. ஆனால் இரண்டு குடும்பங்களில் எது உங்களுடையது என்று தடுமாறும்போது நல்ல குறிப்பு.

அரசுப் பதிவு எல்லோருக்கும் வந்தது 1864-இல்தான். பஞ்சத்தில் போனவருக்கு அது உதவாது, அங்கேயே இருந்த சகோதரர்களுக்கு உதவும். அவை ஐரிஷ் ஜீனியாலஜி அரசுத் தளத்தில் இலவசம்.

கிரிஃபித் மதிப்பீட்டில் என் முன்னோர் பெயர் இல்லை. இறந்துவிட்டாரா?

கிரிஃபித் மதிப்பீடு என்பது வரி விதிப்பதற்காக 1847 முதல் 1864 வரை கவுன்டி கவுன்டியாக வெளியிடப்பட்ட நில, வீட்டுப் பட்டியல். தெற்கில் முன்னதாகவும் வடக்கில் கடைசியாகவும் முடிந்தது. 1847-இல் கப்பலேறியவரை 1853 பட்டியலில் தேடினால் எப்படி இருப்பார்? அவருடைய அண்ணனோ, கைம்பெண்ணான தாயோ இருக்கலாம். அவருடைய பெயருக்குப் பதிலாக, 1823 முதல் 1838 வரையான தசமபாக (திருச்சபைக்கான) வரிப் புத்தகங்களில் அப்பாவைத் தேடுங்கள். இரண்டு பட்டியலிலும் ஒரே டவுன்லாண்டில் அதே குடும்பப் பெயர் இருந்தால் தேடல் வட்டம் சுருங்கிவிட்டது.

இரண்டிலும் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும். அடுத்தவர் நிலத்தின் மூலையில் குடிசை போட்டு, கூலிக்குப் பதிலாகக் கால் ஏக்கரில் கிழங்கு பயிரிட்டவர்களுக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. பஞ்சம் அதிகம் கொன்றது அவர்களைத்தான். 1847 சட்டம் கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்தவர்களுக்கு நிவாரணம் கிடையாது என்றது. சோற்றுக்காக நிலத்தைக் கைவிட்ட குடும்பங்களும் அப்படித்தான் பட்டியலிலிருந்து மறைந்தன. அவர்களுக்கு ஏழையர் விடுதிப் பதிவேடுகளும் ஜமீன் கோப்புகளும்தான் வழி. சில நில உரிமையாளர்கள் குடியானவர்களைத் தங்கள் செலவில் கப்பலேற்றி அனுப்பிக் கணக்கு எழுதினார்கள். ரோஸ்காமன் கவுன்டி ஸ்ட்ரோக்ஸ்டவுனிலிருந்து 1847-இல் 1,490 பேர், விக்லோ கவுன்டி ஃபிட்ஸ்வில்லியம் ஜமீனிலிருந்து பத்தாண்டுகளில் சுமார் 6,000 பேர் என்று பட்டியல்கள் இருக்கின்றன.

டிஎன்ஏ பரிசோதனை பயன்படுமா?

தாள்கள் முடிந்துபோன இடத்தில் பயன்படும், ஆனால் அது மட்டும் போதாது. குடும்பத்தில் மிக மூத்தவரை முதலில் பரிசோதிக்க வையுங்கள். ஒரு தலைமுறை கீழே வரும்போதே பாதி தொலைந்துவிடும். ஐந்து தலைமுறைக்கு முந்தைய ஒருவரிடமிருந்து நமக்கு வருவது சராசரியாக 3 சதவீதம். 'நீங்கள் இத்தனை சதவீதம் ஐரிஷ்' என்ற வரைபடத்தை ஒதுக்கிவிட்டு, உறவுப் பட்டியலைப் பாருங்கள். உங்களுக்கும் ஆஸ்திரேலியாவில் ஒருவருக்கும் பொருத்தம் வந்து, அவருடைய குடும்பத்திடம் ஊர்ப் பெயர் இருந்தால் அதுவே உங்கள் ஊரும் ஆகலாம்.

சென்னையில் இருக்கும் எங்கள் குடும்பத்தில் ஐரிஷ் சிப்பாய் ஒருவர் இருந்தார். அவரைத் தேட முடியுமா?

முடியும், சில சமயம் அமெரிக்கா போனவரைவிட எளிதாகவே. கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஐரோப்பியப் படைக்கு அயர்லாந்தில் பெருமளவில் ஆள் எடுத்தது. பசிக்குத் தப்ப ராணுவமும் ஒரு வழியாக இருந்தது. மதராஸ் ஐரோப்பியப் படைப்பிரிவுதான் பின்னர் மதராஸ் ஃபியூசிலியர்ஸ் ஆகி, 1881-இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் ஒரு பகுதியானது. ஆள்சேர்ப்புப் பதிவேடுகளில் பிறந்த பங்கும் முந்தைய தொழிலும் எழுதப்பட்டன. மதராஸ் மாகாணத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்பில் இருக்கின்றன, ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்திலும் பார்க்கலாம். பரங்கிமலை, பெரம்பூர் போன்ற இடங்களின் தேவாலயப் பதிவுகளையும் கல்லறைகளையும் நேரில் பாருங்கள். பஞ்ச நிவாரணத்தை லண்டன் கருவூலத்திலிருந்து இறுக்கிப் பிடித்த சார்லஸ் டிரெவெல்யன் 1859-இல் மதராஸ் ஆளுநராக வந்தார். தங்கள் குடும்பத்தைப் பட்டினி போட்டவர் என்று கருத இடமுள்ள ஒருவரின் ஆட்சியில் அந்தச் சிப்பாய்கள் இங்கே பணியாற்றினார்கள்.

இதை வைத்து ஐரிஷ் குடியுரிமை கிடைக்குமா?

கிடைக்காது. பொதுவாகத் தாத்தா அல்லது பாட்டி அயர்லாந்தில் பிறந்திருந்தால்தான் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவு மூலம் விண்ணப்பிக்கலாம். பஞ்சக் காலம் அதற்கு மிகத் தொலைவு.

டவுன்லாண்டைக் கண்டுபிடித்துவிட்டோம். நேரில் போனால் வீட்டைக் காண முடியுமா?

பல நேரம் முடியும். கிரிஃபித் பட்டியலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எண்ணும் எழுத்தும் உண்டு. ஆஸ்க் அபௌட் அயர்லாந்து தளத்தில் அதற்குரிய வரைபடத்தில் அதே எண் எந்த நிலம் என்று காட்டும். அதற்குப் பின் அந்த நிலம் யார் யார் கைக்கு மாறியது என்பதை நில மதிப்பீட்டு அலுவலகத்தின் திருத்தப் புத்தகங்கள் இருபதாம் நூற்றாண்டு வரை சொல்லும். வடக்கின் ஆறு கவுன்டிகளுக்கு இவை பெல்ஃபாஸ்ட் பொது ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம், மற்றவற்றுக்கு டப்ளினில் கேட்க வேண்டும். கடைசிப் பெயர் இன்று அங்கே வசிப்பவரின் தாத்தாவாக இருக்கும். போவதற்கு முன் பங்கு அலுவலகத்துக்கும் உள்ளூர் வரலாற்றுக் கழகத்துக்கும் எழுதுங்கள். நிலம் தனியாருடையது, அனுமதி கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பட்டியலின் நகலையும் வரைபடத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போனால் அக்கம்பக்கத்து முதியவர்களே எந்தச் சுவர் யாருடையது என்று காட்டுவார்கள்.